தொட்டிக்குள் யார் இறங்குவது?

எங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பது கடந்த ஐப்பசி வரை எனக்குத் தெரியாது. திருச்சியின் புறநகரில் என் தந்தை கட்டிய வீடு அது. புதைசாக்கடை இன்னும் எட்டாத பகுதி. அந்தத் தொட்டியைக் கடைசியாகத் திறந்தது 17 ஆண்டுகளுக்கு முன்பு, என் தங்கையின் திருமணத்துக்கு முந்தைய வாரத்தில். அப்போது நான் வெளியூரில் பணியில் இருந்தேன். பிறகு தந்தை காலமானார். நான் குடும்பத்தோடு ஊர் திரும்பினேன். வீட்டின் முன்புறத்தைச் சீரமைத்து, கார் நிறுத்துவதற்காகத் தரையோடுகள் பதித்தோம். தொட்டியின் மூடி அந்த ஓடுகளுக்கு அடியில் மறைந்தது. அதைப் பற்றி எங்களில் யாரும் பிறகு நினைக்கவில்லை.

தொடர் மழையின் நான்காம் நாள், கீழ்த்தளக் கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்க மறுத்தது. அன்று மாலையே வீடெங்கும் நாற்றம். குழாய் வேலை செய்பவர் வந்து பார்த்துவிட்டு, "பைப்புல அடைப்பு இல்ல சார், டேங்க் நிரம்பிடுச்சு" என்றார். டேங்க் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்த என் தாய்தான் கார் நின்ற இடத்தைக் காட்டினார். காரை நகர்த்தி, ஓடுகளை உடைத்தோம்.

மறுநாள் கழிவுநீர் அகற்றும் லாரி வந்தது. ஓட்டுநர் ஒருவர், அவருக்கு உதவியாக இருபது வயதைத் தாண்டிய இளைஞர் ஒருவர். குழாயை உள்ளே விட்டு மோட்டாரை இயக்கினார்கள். சிறிது நேரம் கருநிற நீர் ஏறியது. பிறகு மோட்டார் வெறுமனே இரைந்தது. நீண்ட கம்பியால் குத்திப் பார்த்த ஓட்டுநர், "தண்ணிதான் சார் வரும். அடியில இருக்கறது களிமண் மாதிரி இறுகிப் போச்சு. ஆள் இறங்கி வெட்டி விட்டாத்தான் வரும். மேற்கொண்டு ஆயிரம் ரூபாய் ஆகும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த இளைஞர் தம் சட்டையைக் கழற்றி, மடித்து, சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டார்.

நான் எதுவும் சொல்லவில்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் மூச்சுத் திணறி இறந்த செய்திகளை நாளிதழில் படிக்கும்போதெல்லாம் வருந்தியவன்தான் நான். ஆனால், அன்று என் மனதில் இருந்ததெல்லாம் வீட்டில் முதியவர் ஒருவர் கழிப்பறை இன்றித் தவிக்கிறார், வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்பது மட்டுமே. வாசற்படியில் நின்றிருந்த என் மனைவிதான் கேட்டார்: "ஏங்க, உள்ள போனவருக்கு மூச்சு முட்டினா யார் இறங்கித் தூக்குவாங்க? நீங்க இறங்குவீங்களா?" ஓட்டுநர் என்னைப் பார்த்தார். இளைஞர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வேலை முடிய மேலும் இரண்டு நாள் ஆயிற்று. தொட்டிக்குள் தண்ணீரை அழுத்தத்தோடு பாய்ச்சி, கசடைக் கரைத்து, ஓர் இரவு ஊறவிட்டு, மீண்டும் கரைத்து உறிஞ்சினார்கள். லாரி மூன்று நடை சென்று வந்தது. ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. அப்படியானால் முதல் நாள் பேசிய அந்த ஆயிரம் ரூபாய் எதற்கான விலை? எங்களுடைய இரண்டு நாள் அசௌகரியத்தைத் தவிர்ப்பதற்கான விலை. அதற்கு ஈடாகப் பணயம் வைக்கப்பட இருந்தது அந்த இளைஞரின் உயிர்.

பிறகு யோசித்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. அவரைத் தொட்டிக்குள் இறக்கும் முடிவை நாங்கள் அன்று காலை எடுக்கவில்லை. 17 ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக எடுத்திருந்தோம். மூடியை ஓட்டால் மறைத்தபோது ஒரு பகுதி. கசடை அள்ளாமல் ஆண்டுகளைக் கடத்தியபோது ஒரு பகுதி. கழிப்பறையில் போடக் கூடாதவற்றைப் போட்டபோது ஒரு பகுதி. பராமரிக்கப்படும் தொட்டிக்குள் மனிதர் இறங்க வேண்டிய தேவையே எழுவதில்லை. இந்த எளிய உண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொட்டி எப்படி இயங்குகிறது?

பிரான்ஸ் நாட்டின் வெசூல் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் லூயி மூரா என்பவர், வீட்டுக் கழிவு சென்று சேரும் மூடிய தொட்டி ஒன்றை வடிவமைத்து 1881-இல் காப்புரிமை பெற்றார். தொட்டிக்குள் சென்ற திடக்கழிவின் பெரும்பகுதி தானாகவே நீர்மமாகி வெளியேறுவதைக் கண்டு அக்காலத்தவர் வியந்தனர். அதனால் அதற்கு 'தானியங்கித் துப்புரவாளர்' என்று பெயரிட்டனர். 1890-களில் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன் இதே முறையைப் பெரிய அளவில் கட்டி, அதற்கு 'செப்டிக் டேங்க்' என்ற பெயரைச் சூட்டினார். அழுகுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மனிதரின் கை படாமல் கழிவை அகற்றுவதற்காகவே பிறந்த ஏற்பாடு, நம் நாட்டில் மனிதரை விழுங்கும் குழியாகிப் போனது வேதனையான முரண்.

இதன் செயல்பாடு எளிமையானது. கழிப்பறையிலிருந்து வரும் கழிவு தொட்டிக்குள் ஒரு நாளோ அதற்கு மேலோ அசையாமல் தங்குகிறது. கனமானவை அடியில் படிந்து கசடாகின்றன. எண்ணெய்ப் பசையும் எடை குறைந்தவையும் மேலே மிதந்து, காய்ச்சிய பால் மீது படியும் ஏடுபோல் ஒரு படலமாகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே ஓரளவு தெளிந்த நீர் நிற்கிறது. காற்றில்லாத சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் கசடைத் தின்று அதன் பருமனைக் குறைக்கின்றன. சாண எரிவாயுக் கலனில் நிகழும் அதே செயல்தான் இங்கும் நிகழ்கிறது. இடைப்பட்ட நீர் மட்டும், 'டி' வடிவக் குழாய் வழியாக அடுத்த அறைக்கோ உறிஞ்சுகுழிக்கோ செல்கிறது. மேலே உள்ள ஏடும் கீழே உள்ள கசடும் வெளியேறாதபடி அந்தக் குழாய் தடுக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நுண்ணுயிர்கள் கசடைக் குறைக்கின்றனவே தவிர முற்றிலும் ஒழிப்பதில்லை. கழிவுநீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தர நிர்ணய விதியின் கணக்குப்படி, ஒருவருக்கு ஓர் ஆண்டில் ஏறத்தாழ 75 லிட்டர் கசடு தொட்டியில் சேர்கிறது. இரண்டாவது, வெளியேறும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் தூய நீர் ஆகாது. வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, டைபாய்டு போன்ற நோய்களின் கிருமிகள் அதில் உயிரோடு இருக்கக்கூடும். எனவே, அது மண்ணுக்குள் வடிகட்டப்பட வேண்டும், அல்லது முறையாகச் சுத்திகரிக்கப்பட வேண்டும். தெருவின் மழைநீர் வடிகாலில் அதை இணைத்துவிடுவது நோயைத் தெருவில் ஓடவிடுவதற்கு ஒப்பாகும்.

'பெரிய தொட்டி' என்னும் பெருமை

புதுவீடு புகும் நாளில், "பத்து வருஷத்துக்குத் தொடவே வேண்டாம், அவ்வளவு பெரிய டேங்க்" என்று பெருமிதத்தோடு சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். என் தந்தையும் அப்படிச் சொன்னவர்தான். இந்தியத் தர நிர்ணய விதியோ, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீராழம் கொண்ட தொட்டி போதும் என்கிறது. ஆனால், அதோடு ஒரு நிபந்தனையும் இருக்கிறது: ஆண்டுக்கு ஒருமுறை கசடை அகற்ற வேண்டும். நாம் நிபந்தனையை விட்டுவிட்டு அளவை மட்டும் பெருக்கிக்கொண்டோம்.

எங்கள் தொட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி நீராழம் உடையது. கொள்ளளவு சுமார் 5,600 லிட்டர். வீட்டில் நால்வர். ஆண்டுக்கு 300 லிட்டர் கசடு என்று வைத்துக்கொண்டால், 17 ஆண்டுகளில் 5,100 லிட்டர். ஏட்டுக் கணக்குதான், நாள்பட்ட கசடு தன் எடையாலேயே அமுங்கும் என்பதால் உண்மை அளவு மாறுபடலாம். ஆயினும் எங்கள் கழிப்பறை ஏன் பின்வாங்கியது என்பதை விளங்கிக்கொள்ள இந்தக் கணக்கே போதும்.

அமுங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது. இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆன கசடு கூழ்போல் இருக்கும். குழாய் அதை எளிதில் உறிஞ்சிவிடும். பத்து, பதினைந்து ஆண்டுகள் கிடந்த கசடு, மண்ணும் மணலும் துணியும் கலந்து இறுகிவிடுகிறது. அதைக் குழாய் உறிஞ்சாது. அப்போதுதான் 'ஆள் இறங்க வேண்டும்' என்ற பேச்சு எழுகிறது. தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளுக்காக 2014-இல் வெளியிடப்பட்ட கசடு மேலாண்மை வழிகாட்டு நெறிமுறைகள், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வலியுறுத்துவதன் பொருள் இதுவே. தொட்டி நிரம்பி வழியும் வரை காத்திருப்பது சிக்கனம் ஆகாது. நிரம்புவதற்கு வெகு முன்பே, கசடு நீரோடு சேர்ந்து உறிஞ்சுகுழிக்குச் சென்று அதன் துளைகளை அடைத்துவிடும். அடைபட்ட உறிஞ்சுகுழியை மீட்பது பெரும்பாலும் இயலாது. புதிதாகத் தோண்ட வேண்டிவரும்.

மணக்காத நஞ்சு

தொட்டிக்குள் இறங்குபவர் ஏன் இறக்கிறார்? பலரும் நினைப்பதுபோல் அது வெறும் நாற்றத்தால் வரும் மயக்கம் அன்று. காற்றில்லாச் சூழலில் கழிவு அழுகும்போது மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவை உருவாகின்றன. மீத்தேன் எளிதில் தீப்பற்றும். அதோடு உயிர்க்காற்றின் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் சல்பைடு இவை எல்லாவற்றிலும் கொடியது. காற்றைவிடச் சற்றுக் கனமானது என்பதால் அது தாழ்வான இடத்தில் தங்கும்.

காற்றில் மிகச் சிறிதளவு இருந்தாலே இந்த வாயு அழுகிய முட்டையின் நாற்றத்தைத் தரும். அது ஓர் எச்சரிக்கை. ஆனால், பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை அது எட்டும்போது, முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. நாற்றம் குறைந்துவிட்டது என்று மனிதர் நம்பும் அந்தக் கணமே ஆபத்து கூடிய கணம். ஐந்நூறு பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே வீழ்ந்துவிடலாம். கூவி அழைக்கக்கூட நேரமிராது.

"ஒரு மணி நேரம் மூடியைத் திறந்து வைத்தால் போதும்", "தீக்குச்சியைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்பன போன்ற நம்பிக்கைகள் பரவலாக உள்ளன. இவை இரண்டுமே தவறானவை. மேலே உள்ள வாயு வெளியேறினாலும், கசடுக்குள் அடைபட்டிருக்கும் வாயு அதைக் கிளறிய உடனேயே வெளிப்படும். தீக்குச்சியோ மீத்தேனைப் பற்றவைத்து வெடிப்பை உண்டாக்கக்கூடும். முகத்தில் கட்டிய துண்டும் கடையில் வாங்கிய முகக்கவசமும் வாயுவைத் தடுக்க மாட்டா.

இத்தகைய விபத்துகள் பல நேரங்களில் ஒரு மரணத்தோடு நிற்பதில்லை. இருவர், மூவர் இறந்ததாகவும் செய்திகள் வருகின்றன. முதலில் விழுந்தவரைத் தூக்க அண்ணன் இறங்குகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். மனித இயல்பான பதற்றமே அடுத்தடுத்த உயிர்களைக் குடிக்கிறது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் நாம் செய்ய வேண்டியது, எவரையும் இறங்கவிடாமல் தடுத்துத் தீயணைப்புத் துறையை அழைப்பதே. மூச்சுக்கருவி அணிந்த மீட்புப் பணியாளர் மட்டுமே உள்ளே செல்ல வேண்டும்.

சட்டம் நம்மையும் குறிக்கிறது

2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, கழிவுநீர்த் தொட்டியையோ புதைசாக்கடையையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் அமர்த்தக் கூடாது என்கிறது. இந்தத் தடை உள்ளாட்சி அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் மட்டும் உரியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சட்டமோ 'எந்த நபரும்' என்றே சொல்கிறது. வீட்டு உரிமையாளரும் அதில் அடக்கம். முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். "அவரே இறங்குகிறேன் என்றார்" என்பது நம்மைக் காக்காது.

புதைசாக்கடை மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 1993 முதல் நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு இறந்திருப்பதாக அரசின் கணக்கே சொல்கிறது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது என்பது நாம் தலைகுனிய வேண்டிய செய்தி.

இறந்தவர்கள் யார் என்று கேட்டால், விடை எல்லோருக்கும் தெரிந்ததே. பெரும்பாலும் பட்டியல் சமூகங்களைச் சேர்ந்த எளிய தொழிலாளர்கள். எங்கள் வீட்டு வாசலில் சட்டையைக் கழற்றிய இளைஞரின் கையில் கயிறோ கையுறையோ இல்லை. அவர் இறங்குவதுதான் இயல்பு என்று ஓட்டுநர் நினைத்தார், அவரும் நினைத்தார். அந்தக் கணத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்குத் தகுதியில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதல் வேலை, தொட்டி எங்கே இருக்கிறது என்பதை அறிவது. வீட்டின் வரைபடத்தில் அதைக் குறித்துவைக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் மேலே திறக்கக்கூடிய மூடி இருக்க வேண்டும். தரையோடு பதிக்க நேர்ந்தால், மூடிக்கு மேலே தனியாகப் பெயர்த்தெடுக்கக்கூடிய பகுதியை விட்டுப் பதிக்கலாம். அதே வேளையில் மூடி உறுதியானதாக, குழந்தைகளால் திறக்க இயலாததாக இருப்பது அவசியம். உளுத்துப்போன மூடியில் கால் வைத்து உள்ளே விழுந்து இறந்த சிறார்களும் உண்டு.

இரண்டாவது, கசடை அகற்றிய நாளை எழுதிவைப்பது. வீட்டு வரிச் சீட்டையும் மின் கட்டண அட்டையையும் பாதுகாக்கும் கோப்பிலேயே இதையும் வைக்கலாம். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும், லாரியை அழைத்துவிட வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே அதைச் செய்வது நல்லது. கசடின் அளவை இடையில் அறிய விரும்பினால், நீண்ட கழியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடி வரை இறக்கி எடுக்கச் சொல்லலாம். துணியில் கருமை படிந்த உயரமே கசடின் உயரம். அது நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியிருந்தால் தாமதிக்கக் கூடாது. திறந்த மூடியின் மேல் குனிந்து பார்ப்பதும், அருகே புகைபிடிப்பதும், தனியாளாக இதைச் செய்வதும் கூடாது.

மூன்றாவது, தொட்டிக்குள் என்ன போகிறது என்பதில் கவனம். சானிட்டரி நாப்கின், குழந்தைகளின் டயாப்பர், ஈரத்தாள், துணி, தலைமுடி, பிளாஸ்டிக் உறை ஆகியவை மட்குவதில்லை. அவை குழாயை அடைப்பவை. கடைசியில் அவற்றைக் கையால் எடுக்க ஓர் ஆளைத் தேட வைப்பவை. சமையலறையின் எண்ணெய் கலந்த நீரையும் மாடியின் மழைநீரையும் தொட்டியில் இணைக்கக் கூடாது. மழைநீர் பெருக்கெடுத்து வந்தால், படிந்திருக்கும் கசடு கலங்கி வெளியேறிவிடும். அமிலத்தையும் கிருமிநாசினியையும் தாராளமாக ஊற்றினால், நமக்காக உழைக்கும் நுண்ணுயிர்கள் மடியும்.

தொட்டியைச் சுத்தம் செய்யவே தேவையில்லாமல் ஆக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் நுண்ணுயிர்ப் பொடிகளை நம்பிவிட வேண்டாம். தேவையான நுண்ணுயிர்கள் கழிவிலேயே நாள்தோறும் வந்து சேர்கின்றன. எந்தப் பொடியும் மண்ணையும் மணலையும் கரைக்காது. அதேபோல், கசடை அகற்றிய பிறகு தொட்டியைக் கழுவி விடச் சொல்வதும் வேண்டாதது. அடியில் சிறிது கசடு எஞ்சியிருந்தால், அதுவே உறைமோர்போல் அடுத்த சுழற்சியைத் தொடங்கி வைக்கும்.

நான்காவது, புதிதாகக் கட்டுபவர்களுக்கு. அடித்தளம் போடாமல் உறைகளை மட்டும் இறக்கி, 'தண்ணீர் தானாக இறங்கிவிடும்' என்று கட்டப்படும் குழி கழிவுநீர்த் தொட்டி அன்று. தொட்டியின் அடியும் சுவரும் கசிவின்றிப் பூசப்பட வேண்டும். வாயு வெளியேறும் குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்தி, அதன் வாயில் கொசுவலை கட்ட வேண்டும்.

கிணறும் ஆழ்துளையும்

உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய விதி. நம் புறநகர்களில் பரவலாக விற்பனையாவது முப்பதுக்கு நாற்பது அடி மனை. அதில் மூலைக்கு மூலை அளந்தாலும் 50 அடிதான் வரும். ஆக, ஒரே மனையில் ஆழ்துளைக் கிணற்றையும் உறிஞ்சுகுழியையும் விதிப்படி அமைக்கவே இயலாது. நம் குழி பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு அருகிலும், அவர்கள் குழி நம் கிணற்றுக்கு அருகிலும் இருக்கின்றன. வாஸ்து பார்த்து மூலை குறிக்கும் நாம், அடுத்த வீட்டாரின் கிணறு எங்கே என்று கேட்பதில்லை. நெருக்கமான மனைகளில் வாழ்பவர்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சாமல் குடிக்காதிருப்பதும், அவ்வப்போது பரிசோதிப்பதும் நலம்.

லாரி ஏற்றிச் செல்லும் கசடு எங்கே போகிறது என்பதும் நம் கேள்வியாக வேண்டும். ஊருக்கு வெளியே ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டப்பட்டால், அது காய்கறியாகவும் குடிநீராகவும் நம்மிடமே திரும்பும். திருச்சியில் லாரிகள் கசடைக் கொட்டுவதற்கென்றே கழிவுநீரேற்று நிலையங்களில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியிலும், கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்திலும் கசடைச் சுத்திகரிப்பதற்கெனத் தனி நிலையங்கள் அமைந்துள்ளன. உள்ளாட்சி அமைப்பின் உரிமம் பெற்ற வாகனத்தையே அழைப்பது, கசடு உரிய இடத்தைச் சேரும் என்பதற்கான குறைந்தபட்ச உறுதி. 14420 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தும் இந்தச் சேவையைக் கேட்கலாம்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. நிரம்பிய பிறகு வீட்டுக்காரர் அழைக்கட்டும் என்று காத்திராமல், தெருவாரியாக முறை வைத்து லாரியை அனுப்ப முடியும். மகாராஷ்டிரத்தின் வாயி, சின்னர் ஆகிய சிறு நகரங்களில் அப்படித்தான் நடக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டின் தொட்டியும் முறைப்படி சுத்தம் செய்யப்படுகிறது. அதற்கான செலவு துப்புரவு வரியிலிருந்து ஈடுசெய்யப்படுகிறது. நம் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் இதைப் பின்பற்றத் தடையேதும் இல்லை. குப்பை வண்டி நாள்தோறும் வாசலுக்கு வருவதை ஏற்றுக்கொண்ட நாம், கசடு லாரி மூன்றாண்டுக்கு ஒருமுறை வருவதையும் ஏற்றுக்கொள்வோம்.

எங்கள் வீட்டு வாசலில் இப்போது தரையோடுகளுக்கு நடுவே மூன்று சதுர மூடிகள் தெரிகின்றன. பார்வைக்கு அழகாக இல்லைதான். வருவோரில் சிலர் ஏன் இப்படி விட்டுவைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். காரணத்தைச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது, எப்போது திறந்தீர்கள் என்று நானும் கேட்கிறேன். பெரும்பாலோர் பதில் சொல்ல யோசிக்கிறார்கள். அந்த லாரியை நான் மீண்டும் அழைக்க வேண்டிய ஆண்டும் மாதமும் வீட்டுக் கோப்பின் முதல் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. அன்றைக்கு எந்த இளைஞர் வந்தாலும், அவர் சட்டையைக் கழற்ற வேண்டியிராது.